பள்ளி வாரியத் தேர்தலில் தோற்ற அதிபர்

கால்வின் கூலிட்ஜ் மக்களிடம் வாக்குக் கேட்டு நின்ற தேர்தல்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் என்ற சிறு நகரில், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் உறுப்பினர் பதவிக்கு நடந்த தேர்தல் அது. பிள்ளைகளே இல்லாத மனிதருக்குப் பள்ளிக்கூட விவகாரத்தில் என்ன வேலை என்று அக்கம்பக்கத்தார் சிலர் நினைத்தார்களாம். அதைக் கேள்விப்பட்ட கூலிட்ஜ், "கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கலாமே" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1923-இல் அவர் அமெரிக்காவின் 30-ஆவது அதிபராகிவிட்டார்.

வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டிருந்த ஒருவர் பள்ளி வாரியத்துக்கு ஏன் போட்டியிட வேண்டும்? அமெரிக்க அரசியல் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். நம் செய்திகளில் அடிபடுவது அதிபர் தேர்தல். ஆனால் அந்த நாட்டில் மக்கள் வாக்களித்து நிரப்பும் பதவிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் அதிபர், துணை அதிபர், காங்கிரஸ் என்ற அவர்களின் நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் அறுநூறு பேர் தேற மாட்டார்கள். 50 மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் ஏழாயிரத்துச் சொச்சம். மீதிப் பதவிகளில் மிகப் பெரும்பாலானவை ஊர்ப் பதவிகள்: நகரமன்ற உறுப்பினர், மேயர், பள்ளி வாரிய உறுப்பினர், ஷெரிஃப், கவுண்டி என்ற மாவட்டம் போன்ற பகுதியின் கணக்குகளைப் பார்ப்பவர், சில இடங்களில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரிகூட. இவர்கள் அத்தனை பேரும் மேலிருந்து நியமிக்கப்படாமல், வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகி வருகிறவர்கள்.

உள்ளூர், மாநிலம், நாடு என்ற இந்த மூன்று அடுக்குகளை மேலதிகாரி, கீழதிகாரி என்று புரிந்துகொள்வதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. அமெரிக்க மாநிலங்கள் மத்திய அரசின் கிளை அலுவலகங்கள் அல்ல. மாசசூசெட்ஸின் அரசியல் சாசனம் 1780-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க அரசியல் சாசனமே அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் எழுதப்பட்டது. மத்திய அரசுக்கு என்று வெளிப்படையாகக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791-இல் பத்தாவது திருத்தம் எழுதியும் வைத்துவிட்டது. இந்தியாவில் ஆளுநரை மத்திய அரசின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் ஆளுநரை அந்த மாநில மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அங்கே ஆளுநர் என்று படிக்கும்போது நம் முதலமைச்சரை மனத்தில் வைத்துக்கொள்வதே பொருத்தம். அதிபருக்கு எவ்வளவுதான் கோபம் வந்தாலும் ஓர் ஆளுநரைப் பதவியிலிருந்து நீக்க முடியாது.

நகரங்களின் கதை வேறு. அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகரம் என்ற அமைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நகரங்களுக்கு அதிகாரம் கொடுப்பதும் பறிப்பதும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. இது வறண்ட சட்ட நுணுக்கம்போலத் தெரியலாம். 1919-இல் பாஸ்டன் நகரத்தில் இதே நுணுக்கம்தான் கூலிட்ஜை நாடறிந்தவராக்கியது.

கூலிட்ஜை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் தாண்டிக் குதிக்காமல் ஏறினார் என்பதுதான். படைத்தளபதியாக இருந்து அதிபரானவர்கள் உண்டு, பெரும் செல்வத்தோடு வந்தவர்கள் உண்டு. இவரோ ஏறக்குறைய எல்லாப் பதவிகளையும் வரிசையாகத் தொட்டுப் போனவர். அதிலும், பேச்சுக்குப் பெயர்போன தொழிலில் பேசாமைக்குப் பெயர்பெற்றவர்.

நார்தாம்ப்டனில்

1872-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, அமெரிக்க சுதந்திர நாளில், வெர்மான்ட் மாநிலத்தின் பிளிமத் நாட்ச் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை ஜான் கூலிட்ஜ் கடை வைத்திருந்தார், விவசாயமும் பார்த்தார், ஊர்ப் பொறுப்புகள் பலவற்றை ஏற்றார், வெர்மான்ட் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார். அந்த ஊர்களில் அரசியல் தனித் தொழில் அல்ல, கடையையும் கழனியையும் பார்த்துக்கொண்டே ஆற்றும் கடமை. இந்த எண்ணம் மகனிடம் கடைசிவரை இருந்தது.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1895-இல் படிப்பை முடித்துவிட்டுப் பக்கத்து நகரமான நார்தாம்ப்டனுக்கு வந்தார். சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை. அன்றைய வழக்கப்படி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து படித்து 1897-இல் வழக்கறிஞரானார். அதே காலத்தில் குடியரசுக் கட்சியின் நகரக் குழுவிலும் சேர்ந்தார். தொடக்கநிலை விளக்கங்களில் இந்தக் கட்சிக் குழுவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். வீடு வீடாகப் போய் வாக்காளரைத் தெரிந்துகொள்வதும், யார் யாருக்கு எந்தக் குறை என்று நினைவில் வைத்துக்கொள்வதும் அங்கே கற்றுக்கொள்ளும் பாடம்.

1898-இல் நகரமன்றத்துக்குத் தேர்வானார். அவருடைய வார்டில் முதல் மூன்று இடங்களில் வருகிறவர்கள் வென்றவர்கள். அவர் மூன்றாவதாக வந்தார். சம்பளம் கிடையாது. அடுத்து நகரத்தின் சட்ட ஆலோசகர் பதவி. அதற்கு மக்கள் வாக்களிப்பதில்லை, நகரமன்றம் தேர்ந்தெடுக்கும். இரண்டு ஆண்டுகள் அவரைத் தேர்ந்தெடுத்த மன்றம் மூன்றாவது முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பிறகு கவுண்டி நீதிமன்றத்தின் தலைமை எழுத்தர் இறந்துபோக, அந்த இடத்தில் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். அதற்கு நடந்த தேர்தலில் நிற்கவில்லை, அந்தப் பதவியில் இருந்தால் வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது என்பதால். பள்ளி வாரியத் தோல்வியும் இந்த ஆண்டுகளில் வந்ததுதான்.

கூலிட்ஜ் ஊர்ப் பதவிகளோடு நின்றுவிடவில்லை, 1906-இல் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குப் போனார். ஆனால் மாநில அவையில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, திரும்பி வந்து நார்தாம்ப்டன் மேயர் தேர்தலில் நின்றார். மேலே போனவர் கீழே இறங்குவதா என்று நாம் கேட்போம். அங்கே அப்படிப் பார்ப்பதில்லை. மாநில அவையில் 240 பேரில் ஒருவராக இருப்பதைவிடச் சொந்த ஊரில் நிர்வாகத்தைக் கையில் எடுப்பது பெரிய பயிற்சி. 1910, 1911 என இரண்டு ஓராண்டுப் பதவிக்காலங்களில் ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்தினார், நகரத்தின் கடனில் ஒரு பகுதியை அடைத்தார், வரியையும் சற்றுக் குறைத்தார். சம்பளம் ஏறி வரி இறங்கிய அதிசயம் எப்படி நடந்தது என்றால், மற்ற செலவுகளில் அவர் கை அவ்வளவு இறுக்கம். இந்தக் குணம் பிறகு வெள்ளை மாளிகைக்கும் கூடவே வந்தது.

மாநிலத் தலைநகரில்

அந்தக் காலத்தில் நார்தாம்ப்டன் மேயர், மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர், ஆளுநர் ஆகியோரின் பதவிக்காலம் ஒரே ஓர் ஆண்டுதான். ஆண்டுதோறும் நவம்பர் வந்தால் மாநிலத் தேர்தலும் வந்துவிடும். கூலிட்ஜின் பட்டியல் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அமெரிக்க ஆளுநர்களில் பெரும்பாலோருக்கு நான்கு ஆண்டுகள்.

1912 முதல் மாநில செனட்டில் இருந்தார். அமெரிக்க அரசியல்வாதிகளின் வாழ்க்கைக் குறிப்பில் செனட்டர் என்று இருந்தால் எந்த செனட் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வாஷிங்டனில் ஒரு செனட் இருப்பதுபோல ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒரு செனட் உண்டு. மாநில செனட்டரின் தொகுதி ஒரு மாவட்டம் அளவுதான் இருக்கும். வாஷிங்டன் செனட்டர் முழு மாநிலத்துக்கும் பொறுப்பு, பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். 1913-க்கு முன்னால் அந்த வாஷிங்டன் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநில அவையில் வாக்களித்தவர்களில் கூலிட்ஜும் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றும் வாக்களித்தார்.

மாநில அரசின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு லாரன்ஸ் நகரத்து நெசவாலை வேலைநிறுத்தம் நல்ல சாட்சி. பெண்களும் சிறுவர்களும் வாரத்துக்கு 56 மணி நேரத்துக்குப் பதில் 54 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. 1912 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும் ஆலை முதலாளிகள் அந்த இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்தார்கள். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். வேலை நேரம் அப்போது மாநிலங்களின் விஷயம். சமரசம் பேசச் சட்டமன்றம் அமைத்த குழுவுக்குத் தலைவர், முதல் ஆண்டு செனட்டரான கூலிட்ஜ். கூலி உயர்ந்தது, வேலைநிறுத்தம் முடிந்தது. தொழிலாளர் இயக்கத்தின் மீது அவருக்குப் பெரிய பற்று எதுவும் இல்லை, ஆனால் காரியம் முடிய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

இரண்டு ஆண்டுகளோடு செனட்டை விட்டுவிடுவதாக இருந்தார். அதற்குள் செனட் தலைவர் லெவி கிரீன்வுட் 1913 தேர்தலில் தோற்றுப்போக, காலியான தலைவர் இருக்கை கூலிட்ஜுக்கு வந்தது. உழைப்பைப் பற்றியே எழுதும் வாழ்க்கை வரலாறுகள் இந்த மாதிரி இடங்களை வேகமாகக் கடந்துவிடும். அவர் வாழ்க்கையில் யாரோ தோற்றதும் யாரோ இறந்ததும் திரும்பத் திரும்ப வழி திறந்திருக்கிறது. இடம் காலியாகும்போது வரிசையில் அடுத்தவராக அவர் நின்றிருந்தார் என்பதுதான் அவருடைய திறமை.

1916 முதல் 1918 வரை துணை ஆளுநர். 1918 நவம்பரில் சுமார் 17,000 வாக்கு வித்தியாசத்தில் ஆளுநராக வென்றார். மாசசூசெட்ஸில் ஆளுநருக்கு அரசு மாளிகை கிடையாது. மனைவியையும் இரண்டு மகன்களையும் நார்தாம்ப்டனில், இரு குடும்பங்கள் வாழும் ஒரு வீட்டின் வாடகைப் பாதியில் விட்டுவிட்டு, பாஸ்டனில் ஒரு விடுதியில் தங்கி மாநிலத்தை ஆண்டார்.

பாஸ்டன் காவலர் வேலைநிறுத்தம்

1919-இல் பாஸ்டன் காவலர்கள் குறைந்த சம்பளத்தாலும், சொந்தக் காசில் சீருடை வாங்க வேண்டிய நிலையாலும், எலிகள் ஓடும் காவல் நிலையங்களாலும் சலித்துப்போயிருந்தார்கள். தொழிற்சங்கம் அமைத்து அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தார்கள். காவல் ஆணையர் எட்வின் கர்ட்டிஸ், சங்கத் தலைவர்களான 19 காவலர்களைப் பணியிடைநீக்கம் செய்தார். செப்டம்பர் 9 மாலை, 1,544 காவலர்களில் 1,117 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அன்றிரவே கடைகள் உடைக்கப்பட்டன, கொள்ளை நடந்தது. அடுத்த நாள்களின் கலவரத்தில் உயிர்களும் போயின.

நகரத்துக்கு ஒரு மேயர் இருந்தார், ஆண்ட்ரூ பீட்டர்ஸ். காவலர்களின் சம்பளம் நகரத்தின் பணம். ஆனால் காவல் ஆணையரை நியமிப்பவர் மாநில ஆளுநர். பாஸ்டனின் காவல்துறையை நகரத்தின் கையில் விட மாநிலச் சட்டமன்றம் தயாராக இல்லை. அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் செல்வாக்கும் ஜனநாயகக் கட்சியும் ஓங்கிய நகரம் அது, மாநிலமோ குடியரசுக் கட்சியின் பிடியில். பணம் கொடுப்பவருக்குக் கட்டளையிடும் உரிமை இல்லை. கட்டளையிடுபவரோ வாக்காளருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல. மேயர் ஆளுநரிடம் உதவி கேட்டார். ஆணையரின் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று கூலிட்ஜ் ஒதுங்கியே நின்றார்.

கலவரம் தொடங்கிய பிறகு மேயர் ஒரு பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பாஸ்டனுக்குள் இருந்த, காவல்துறையைச் சேராத மாநிலப் பாதுகாப்புப் படைப் பிரிவுகளை வரவழைத்தார். நகரம் ஓரளவு அடங்கத் தொடங்கியபோதுதான் கூலிட்ஜ் மாநிலம் முழுவதிலுமிருந்து படையை அழைத்து, காவல்துறையின் பொறுப்பையும் தானே ஏற்றார். தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் தந்தியில் முறையிட்டபோது, பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை எவருக்கும், எங்கும், எப்போதும் இல்லை என்று பதில் தந்தி அனுப்பினார்.

அந்த ஒரு வாக்கியம் நாடு முழுவதும் செய்தித்தாள்களில் வந்தது. என் பார்வையில் பாஸ்டனைக் காப்பாற்றியதில் முதல் பங்கு மேயருக்கு. கூலிட்ஜ் இரண்டு நாள் முந்தியிருந்தால் கொள்ளையே நடந்திருக்காது. ஆனால் புகழ் அவருக்குத்தான் போனது. அதே நவம்பரில் மறுபடி நின்றபோது வாக்கு வித்தியாசம் சுமார் 1,25,000. வேலைநிறுத்தம் செய்த காவலர்களுக்குத் திரும்ப வேலை கிடைக்கவில்லை. அவர்களின் இடத்துக்கு வந்த புதியவர்களுக்குக் கூடுதல் சம்பளமும் இலவசச் சீருடையும் கிடைத்தன.

வாஷிங்டனில்

1920-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு வாரன் ஹார்டிங்கை அதிபர் வேட்பாளராக்கியது. துணை அதிபர் இடத்துக்குக் கட்சித் தலைவர்கள் மனத்தில் வைத்திருந்தவர் விஸ்கான்சின் செனட்டர் இர்வின் லென்ரூட். ஓரிகன் மாநிலத்திலிருந்து மாநாட்டுக்குப் பிரதிநிதியாக வந்திருந்த வாலஸ் மெக்கமன்ட் எழுந்து கூலிட்ஜ் பெயரைச் சொன்னதும் அரங்கமே அந்தப் பக்கம் சாய்ந்தது. தலைவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த பிரதிநிதிகள் ஒருமுறை தங்கள் விருப்பப்படி நடந்துகொண்டார்கள்.

துணை அதிபருக்கு அரசியல் சாசனம் கொடுத்திருக்கும் வேலை குறைவு: செனட்டுக்குத் தலைமை வகிப்பது, வாக்குகள் சமமானால் தன் வாக்கைப் போடுவது, அதிபருக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்துக்கு வருவது. இப்படியாக மாநில செனட்டுக்கும் அமெரிக்க செனட்டுக்கும் தலைமை வகித்த கூலிட்ஜ், காங்கிரஸின் எந்த அவையிலும் ஒரு நாள்கூட உறுப்பினராக இருந்ததில்லை.

1923 ஆகஸ்ட் 2 இரவு ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். கூலிட்ஜ் அப்போது பிளிமத் நாட்சில் தந்தையின் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. செய்தியைக் கொண்டுவந்து கதவைத் தட்டினார்கள். அதிகாலை 2.47-க்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், மகனுக்குத் தந்தையே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஜான் கூலிட்ஜ் ஒரு நோட்டரி, பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஆனால் அது வெர்மான்ட் மாநிலம் கொடுத்த அதிகாரம். மாநில அதிகாரி ஒருவர் மத்திய அரசின் தலைவருக்குப் பிரமாணம் செய்துவைக்கலாமா என்று சந்தேகம் எழுந்தது. பிறகு வாஷிங்டனில் ஒரு நீதிபதி முன்னிலையில் சத்தமில்லாமல் இரண்டாவது முறை பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

1924-இல் தன் பெயரிலேயே நின்று மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் 382 வாக்குகளோடு வென்றார். அந்த ஆண்டு ஜூலையில்தான், டென்னிஸ் ஆடியபோது காலில் வந்த கொப்புளத்தில் நஞ்சேறி, அவருடைய இளைய மகன் 16 வயதில் இறந்திருந்தான்.

அதிபராக அவர் கையெழுத்திட்டவற்றைப் பார்த்தால் எது நாட்டு விஷயம், எது மாநில விஷயம் என்பது விளங்கும். 1924-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டத்திலும், ஆசியர்களின் குடியேற்றத்தை ஏறக்குறைய முழுதும் அடைத்த சட்டத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. குடியுரிமையும் குடியேற்றமும் வாஷிங்டனுக்கு உரியவை. ஆனால் சிறுவர் உழைப்பைத் தடுக்க அவரால் முடியவில்லை. காங்கிரஸ் போட்ட தடைச் சட்டத்தை, இது மாநிலங்களின் அதிகாரம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1918-இல் ரத்து செய்திருந்தது. அரசியல் சாசனத்தையே திருத்தலாம் என்று கூலிட்ஜ் பரிந்துரைத்தார், காங்கிரஸும் திருத்தத்தை நிறைவேற்றியது, போதுமான மாநிலங்கள் ஏற்காததால் அது அப்படியே நின்றுபோனது. பாஸ்டனில் உட்கார்ந்துகொண்டு மாசசூசெட்ஸ் சட்டமன்றம் தொட முடிந்த விஷயத்தை அதிபரால் தொட முடியவில்லை.

1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அந்தப் பகுதிக்கு வாருங்கள் என்று ஆளுநர்கள் கேட்டுக்கொண்டும் கூலிட்ஜ் போகவில்லை. வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவரை அனுப்பினார். வெள்ள நிவாரணம் செஞ்சிலுவைச் சங்கமும் உள்ளூர் மக்களும் பார்த்துக்கொள்ள வேண்டியது, வாஷிங்டன் அதில் அளவோடு நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊர்ப் பதவிகளிலிருந்து ஏறி வந்த மனிதர் ஊரின் சக்தியை அளவுக்கு மீறி நம்பினார் என்றே நினைக்கிறேன். நார்தாம்ப்டனின் கடனை அடைப்பதும் ஏழு மாநிலங்களில் பாய்ந்த வெள்ளத்தை எதிர்கொள்வதும் ஒன்றல்ல. கடைசியில் 1928-இல் வெள்ளக் கட்டுப்பாட்டை மத்திய அரசின் பொறுப்பாக்கும் சட்டத்தில் அவரே கையெழுத்திட வேண்டியிருந்தது.

மறுமுறை நிற்கவில்லை. 1927 ஆகஸ்டில் தெற்கு டகோடாவில் நிருபர்களைக் கூப்பிட்டு, 1928-இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட விரும்பவில்லை என்று எழுதிய துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார், விளக்கம் சொல்லவில்லை. 1929 மார்ச்சில் ஹூவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, நார்தாம்ப்டனின் அதே வாடகைப் பாதிவீட்டுக்குத் திரும்பினார். முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியம் என்ற ஏற்பாடு 1958-இல்தான் வந்தது.

இன்றும் இப்படித்தானா?

ஏறும் வழி இன்று பலவாகப் பிரிந்துவிட்டது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம், சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். நகரமன்றம், மேயர், சட்டமன்றம் எதையும் அவர் தொடவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராக 2003-இல் தேர்வானார். குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை வழக்கறிஞரையே அங்கே பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது உள்ளூர்ப் பதவி. 2010-இல் கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரி, அது மாநிலப் பதவி, அதற்கும் தேர்தல்தான். 2016-இல் அமெரிக்க செனட், 2020-இல் துணை அதிபர். 2024-இல் அதிபர் தேர்தலில் தோற்றார். பாரக் ஒபாமா ஊர்ப் பதவி எதுவும் வகிக்காமல் இல்லினாய் மாநில செனட்டிலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனவர். டொனால்ட் டிரம்ப் முதன்முறை வென்றபோது எந்த அடுக்கிலும் எந்தப் பதவியும் வகித்திருக்கவில்லை.

அதிபராக முன்பதவி எதுவும் சட்டப்படி தேவையில்லை. பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நார்தாம்ப்டன் பள்ளி வாரியத்துக்கு வாக்காளர்கள் கூலிட்ஜிடம் எதிர்பார்த்த தகுதி அதைவிடக் கூடுதல்.